மூன்று நீல இழைகள்

துறைமுகத்தை ஒட்டிய காகித வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறேன். கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். கப்பல் வந்து சேர்வதற்கு முன்பே இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் எங்கள் மேஜைக்கு வந்துவிடும். புதிதாக ஒரு சரக்கு வந்தால் ஆபீஸில் எழும் முதல் கேள்வி "என்ன விலை?" என்பதல்ல, "எந்த ஹெட்டிங்ல போடப் போறே?" என்பதுதான். உலகத்தில் விற்கப்படும், வாங்கப்படும் எந்தப் பொருளுக்கும் சுங்கப் பட்டியலில் ஓர் எண் உண்டு. எண் தெரிந்தால் வரி தெரியும். எண் மாறினால் வரி மாறும், சில சமயம் சரக்கே உள்ளே வர முடியாமல் போகும். பொருள் என்னவோ அதே பொருள்தான்.

இந்த விஷயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக மூன்று கதைகள் சொல்வார்கள். தக்காளி காயா பழமா என்று 1893-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன கதை ஒன்று (காய் என்றது, ஏனென்றால் காய்க்குத்தான் வரி). பிரான்குஸியின் வெண்கலப் பறவை 1926-ல் நியூயார்க் வந்து இறங்கியபோது அதைச் சிற்பம் என்று ஒப்புக்கொள்ளாமல் உலோகச் சாமான் என்று 40 சதவீதம் வரி போட்டதும், 1928-ல் அது கலைதான் என்று நீதிமன்றம் சொன்னதும் இன்னொன்று. எக்ஸ்-மென் பொம்மைகள் மனிதர்களா இல்லையா என்று 2003-ல் நடந்த வழக்கு மூன்றாவது. நல்ல கதைகள். நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் இவற்றை மட்டுமே சொன்னால் வகைப்பாடு என்பது வக்கீல்களின் வார்த்தை விளையாட்டு என்ற எண்ணம்தான் மிஞ்சும். துணியின் கதை அப்படிப்பட்டதல்ல. அதில் சிரிக்க அதிகம் இல்லை.

பழைய காலத்தில் சுங்கம் என்பது பெரும்பாலும் வாசலில் நின்று வாங்குவது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக்காரர்கள் மூட்டைகள் மீது புலி முத்திரை குத்தியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. மூட்டைக்குள் என்ன இருந்தது என்பதைப் பொறுத்து வரி மாறியதா என்பதற்குள் அது போகவில்லை, அது கவிதை. பொருள்வாரியாக விகிதம் எழுதிய கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் வடக்கே ஆந்திரக் கரைக்குப் போக வேண்டும். காகதீய கணபதிதேவன் 1244-ல் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு கல்வெட்டு வைத்தான். புயலில் கரை ஒதுங்கும் கப்பல்களின் சரக்கை இனி அரசு பறிக்காது, சுங்கம் மட்டுமே எடுக்கும், அதுவும் முப்பதில் ஒரு பங்கு என்று வெளிநாட்டு வணிகர்களுக்கு வாக்குக் கொடுக்கிறது அது. கூடவே சந்தனம், கற்பூரம், பன்னீர், தந்தம், பட்டுநூல், பவளம், மிளகு, பாக்கு என்று பெயர் சொல்லி விகிதம் போட்டிருக்கிறது. இதுவும் ஒரு கட்டணப் பட்டியல்தான். ஆனால் இங்கே கேள்வி "இதன் பெயர் என்ன?" என்ற அளவோடு முடிந்துவிடுகிறது. மிளகு மிளகுதான். அதை வேறு ஏதோ என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

துணி அப்படியில்லை. ஒரே பருத்தி. முரடாக நெய்யலாம், மெல்லிசாக நெய்யலாம். கோராவாக விடலாம், வெளுக்கலாம், சாயம் தோய்க்கலாம், மேலே பூ எழுதலாம், அச்சு குத்தலாம். பட்டோ சணலோ கலந்தும் நெய்யலாம். எங்கே ஒரு வகை முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது? அந்தக் கோட்டை யாரோ ஒருவர் இழுக்க வேண்டியிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தக் கோட்டை லண்டன் பாராளுமன்றம் இழுத்தது.

அப்போது இங்கிலாந்தில் சோழமண்டலக் கரைத் துணிக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. அவர்கள் அதற்கு வைத்த பொதுப்பெயர் காலிகோ, அதாவது கோழிக்கோட்டுச் சரக்கு. துணியில் பாதி கோழிக்கோட்டைப் பார்த்ததே கிடையாது, அது வேறு விஷயம். அவர்களைக் கவர்ந்தது வெறும் பருத்தி அல்ல, நிறம். இம்பூரல் வேரிலிருந்து எடுத்த சிவப்பும், அவுரி நீலமும், துவைத்தாலும் போகாத படிக்குப் படிகாரம் கொண்டு பிடிக்க வைக்கும் வித்தையும் அன்றைக்கு ஐரோப்பாவில் கிடையாது. அங்கே கம்பளி நெய்கிறவர்களுக்கும் பட்டு நெய்கிறவர்களுக்கும் வயிற்றில் அடி விழுந்தது. 1697-ல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தின் மீதே பாய்ந்தார்கள். 1700-ல் சட்டம் வந்தது. இந்தியாவிலும் பாரசீகத்திலும் சீனத்திலும் செய்த பட்டுத்துணிகள், அங்கேயே எழுதிய, சாயமேற்றிய, அச்சிட்ட காலிகோக்கள் ஆகியவற்றை இங்கிலாந்தில் உடுத்தக் கூடாது. கிடங்கில் பூட்டி வைத்து வெளிநாட்டுக்கு ஏற்றிவிடலாம். வெள்ளைத் துணிக்குத் தடை இல்லை, வரி மட்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது உள்ளூர் நெசவாளனைக் காப்பாற்றும் சட்டம். நான் இருபது வருஷம் பட்டியல் பார்த்த கண்ணோடு பார்க்கிறேன். கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பருத்திக்கும் கம்பளிக்கும் நடுவே அல்ல. வெள்ளைக்கும் வண்ணத்துக்கும் நடுவே. நெய்கிறவன் தப்பித்தான், சாயம் போடுகிறவன் மாட்டினான். அதே துணி வெள்ளையாகக் கப்பலேறி, லண்டனில் அச்சு வாங்கி, அங்கேயே விற்பனையானது. லண்டனைச் சுற்றி அச்சுப் பட்டறைகள் பெருகியதற்கு இந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம். பட்டியலில் இழுக்கும் கோடு எப்போதுமே யாரோ ஒருவருடைய பட்டறைக்கு நடுவில்தான் போகிறது. எந்தப் பட்டறை என்பது கோட்டைப் படித்தால் தெரியாது, சரக்கு எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால்தான் தெரியும்.

லண்டனில் அச்சடித்த துணியும் கம்பளிக்காரர்களைக் கடுப்பேற்றியது. 1719-ல் கலவரம். காலிகோ உடுத்திக்கொண்டு தெருவில் போன பெண்களின் துணியைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள். 1721-ல் இன்னொரு சட்டம். இப்போது எங்கே அச்சடித்ததாக இருந்தாலும் உடுத்தக் கூடாது. உடுத்தினால் 5 பவுண்டு அபராதம், விற்றால் 20. ஆனால் விலக்குகள் உண்டு. மஸ்லின், கழுத்துத்துணி, ஃபஸ்டியன், முழுக்க நீலமாகச் சாயம் தோய்த்த காலிகோ இவற்றுக்குத் தடை இல்லை. விலக்குப் பட்டியல் வந்த இடத்தில் எங்கள் மாதிரி ஆட்களின் பிழைப்பு ஆரம்பமாகிவிடும். ஃபஸ்டியன் என்றால் என்ன? பாவு லினன், ஊடை பருத்தி. அச்சடித்துப் பார்த்தால் காலிகோ மாதிரியே இருக்கும். இது தடைக்குள் வருமா வராதா என்று சண்டை வந்து, 1736-ல் தனியாக ஒரு சட்டம் போட்டு, வராது என்றார்கள். லங்காஷயர் அந்த இடுக்கில்தான் வளர்ந்தது. பாவில் லினன் இழை இருக்கும் வரை அது ஃபஸ்டியன், சட்டப்படி சுத்தம்.

அப்புறம்தான் ஆர்க்ரைட் வருகிறார். அவருடைய தண்ணீரில் ஓடும் நூற்பு எந்திரம் பாவுக்குத் தாங்கும் அளவு முறுக்கான பருத்தி நூலைக் கொடுத்தது. இனி லினன் தேவையில்லை. பாவும் ஊடையும் பருத்தியாக, இங்கிலாந்திலேயே, முழுப் பருத்தித் துணி. பெரிய சாதனை. வரி அதிகாரிகள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். முழுப் பருத்தி. அப்படியானால் இது காலிகோ. கெஜத்துக்கு 3 பென்ஸ் இல்லை, 6 பென்ஸ். அச்சடித்தால் உடுத்தவும் கூடாது.

அதிகாரிகளை நான் குறை சொல்ல மாட்டேன். சட்டத்தில் எழுதியிருப்பதைப் படித்தால் அவர்கள் சொன்னது சரி. துணியை மட்டும் வைத்துப் பார்த்தால் சோழமண்டலத்துக் காலிகோவுக்கும் ஆர்க்ரைட்டின் துணிக்கும் பெயர் ஒன்றுதான். ஆர்க்ரைட்டும் கூட்டாளிகளும் பாராளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள். 1774-ல் புதுச் சட்டம் வந்தது. கிரேட் பிரிட்டனில் நூற்ற நூலால் முழுக்கப் பருத்தியில் நெய்த துணி என்று ஒரு புதிய வகை உண்டானது. வரி 3 பென்ஸ், உடுத்தலாம், அச்சிடலாம். ஒரே ஒரு நிபந்தனை. துணியின் இரண்டு ஓரங்களிலும், நீளம் முழுக்க, பாவிலேயே மூன்று நீலக் கோடுகள் ஓட வேண்டும். ஒவ்வொரு கோடும் ஓர் இழை. கூடவே பிரிட்டிஷ் தயாரிப்பு என்ற முத்திரையும்.

இந்த மூன்று நீல இழைகளை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நூல் நயத்திலோ நிறத்திலோ நெசவிலோ வித்தியாசம் காட்ட முடியாது என்பதை ஒரு சட்டம் தானே ஒப்புக்கொண்ட இடம் அது. பொருளில் இல்லாத வித்தியாசத்தைப் பொருளுக்குள் நெய்து சேர்த்தார்கள். நீலம், அதுவும் நம் ஆட்கள் நன்றாகச் செய்த நிறம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், பலரும் எழுதியதுதான். 1813-ல் பாராளுமன்றக் குழு முன் ஜான் ராங்கிங் என்ற வணிகர் சொன்ன கணக்கை ரமேஷ் சந்திர தத் தன் பொருளாதார வரலாற்று நூலில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இந்தியத் துணி மூன்று வகுப்பு. முதல் வகுப்பு மஸ்லின்: உள்நாட்டில் விற்றால் 100 பவுண்டு மதிப்புக்கு 27 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ். இரண்டாம் வகுப்பு காலிகோ: 68 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ். மூன்றாம் வகுப்பு வண்ணத்துணி: உள்நாட்டுக்குத் தடை, மறு ஏற்றுமதிக்கு மட்டும். மஸ்லினுக்கும் காலிகோவுக்கும் நடுவே 41 பவுண்டு. தறியில் உட்கார்ந்தவனுக்கு இந்த வகுப்புகள் தெரிந்திருக்காது. தன் துணியை ஏன் யாரும் கேட்டு வரவில்லை என்பது மட்டும் தெரிந்திருக்கும்.

இனி இந்தியாவுக்குள்ளேயே வருவோம். 1870-களில் இந்திய அரசு இறக்குமதித் துணிக்குச் சிறு வரி வாங்கிக்கொண்டிருந்தது, வருமானத்துக்காக. மான்செஸ்டருக்கு அதுவும் பிடிக்கவில்லை. பம்பாயில் மில்கள் வந்துவிட்டன, இந்த வரி அவற்றுக்குக் குடை பிடிக்கிறது என்றார்கள். 1879-ல் வைஸ்ராய் லிட்டன், தன் கவுன்சிலில் பெரும்பான்மை எதிர்த்தும், அதை மீறி முரட்டுத் துணிகளுக்கு வரியை நீக்கினார். தாது வருஷப் பஞ்சம் முடிந்து மூச்சு வாங்காத நேரம், ஆப்கானிஸ்தானில் யுத்தம் வேறு. கஜானா காலி. அப்போது வருமானத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். முரட்டுத் துணி என்றால் எது? 30-ஆம் நம்பருக்கு மேற்படாத நூலில் நெய்தது.

நம்பர் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நெசவு ஊர்களில் இன்றைக்கும் "அறுபதாம் நம்பர் நூல்", "எண்பதாம் நம்பர்" என்றுதான் பேச்சு. 840 கெஜம் நீளமுள்ள ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ அது அந்த நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. இதில் இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று என்று இயற்கையாக எந்தப் படியும் கிடையாது, ஒரே சரிவு. சரிவில் எங்கே கோடு போட்டாலும் சரக்கு கோட்டின் சௌகரியமான பக்கத்துக்கு நகர்ந்துவிடும். அதேதான் நடந்தது. 30-க்கு உட்பட்ட துணியாக இறக்குமதி பெருகியது, மிச்ச வரியை வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்று 1882-ல் துணி வரியையே எடுத்துவிட்டார்கள்.

1894-ல் ரூபாய் மதிப்பு விழுந்து மறுபடி பணமுடை. துணிக்கு 5 சதவீத வரி திரும்பி வந்தது. ஆனால் பதிலுக்கு ஒரு கட்டு: இந்திய மில்களில் 20-ஆம் நம்பருக்கு மேல் நூற்கும் நூலுக்கும் 5 சதவீதக் கலால். இந்திய மில்கள் பெரும்பாலும் 20-க்குக் கீழேதான் நூற்றன, மேலே லங்காஷயர். அவரவர் அவரவர் பக்கம் என்று தோன்றும். லங்காஷயர் ஒப்பவில்லை. வரியால் எங்கள் நயத்துணி விலை ஏறினால் ஏழை முரட்டுத் துணிக்கு மாறிவிடுவான், அதுவும் உங்களுக்குச் சலுகைதான் என்று வாதம். 1896-ல் கோட்டையே அழித்தார்கள். நூலுக்கு இரண்டு பக்கமும் வரி இல்லை. நெய்த துணிக்கு, இறக்குமதியானாலும் இந்திய மில் துணியானாலும், முரடானாலும் நயமானாலும், 3.5 சதவீதம். லங்காஷயரோடு எந்தப் போட்டியும் இல்லாத, கூலிக்காரன் கட்டும் முரட்டுத் துணிக்கும் வரி வந்து சேர்ந்தது. இந்தக் கலால் வரியை நீக்க 1925 டிசம்பர் வரை ஆயிற்று, அதுவும் பம்பாயில் பெரிய வேலைநிறுத்தம் நடந்த பிறகு.

இதில் கைத்தறி தப்பித்தது. கலால் மில் துணிக்கு மட்டும், இறக்குமதி நூலுக்கும் வரி இல்லை. அதைக் கருணை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. சென்னை மாகாணத்து நெசவாளன் லங்காஷயர் நூலை வாங்குகிறவன், வாடிக்கையாளன்.

இன்றைய பட்டியலுக்கு வருகிறேன். நாடுகள் எல்லாம் ஒரே மாதிரி வகைப்படுத்த வேண்டும் என்று 1937-ல் சர்வதேச சங்கம் ஜெனீவாவில் ஒரு பட்டியல் வெளியிட்டது. 1950-ல் பிரஸ்ஸல்ஸில் இன்னொன்று. இப்போது உலகம் முழுக்க ஓடும் எச்.எஸ். முறை 1988 ஜனவரியில் அமலுக்கு வந்தது, இந்தியா 1986-லேயே தன் பட்டியலை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. 97 அத்தியாயங்கள், அவற்றில் 77 காலி, பிற்கால உபயோகத்துக்காக விட்டு வைத்தது. முதல் அத்தியாயம் உயிருள்ள விலங்கு, கடைசி அத்தியாயம் கலைப்பொருள். முதல் ஆறு இலக்கம் உலகப் பொது, அதற்கு மேல் அவரவர் நாடு. எதில் போடுவது என்று குழம்பினால் ஆறு விதிகள் இருக்கின்றன. குறிப்பாகச் சொன்னது பொதுவாகச் சொன்னதை வெல்லும், கலவையாக இருந்தால் எது அதன் முக்கியத் தன்மையோ அதன்படி, அதுவும் முடியாவிட்டால் எண் வரிசையில் கடைசியாக வருவது. இந்தக் கடைசி விதியின் நேர்மை எனக்குப் பிடிக்கும். காரணம் சொல்ல முடியவில்லை, ஆனால் முடிவு வேண்டும்.

பருத்தி 52-ஆம் அத்தியாயம். 85 சதவீதத்துக்குக் குறையாத பருத்தித் துணி, சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மேற்படாதது 5208. மேற்பட்டது 5209. அதற்குள்ளே வரிசை எப்படிப் போகிறது தெரியுமா? கோரா, வெளுத்தது, சாயம் தோய்த்தது, பல நிற நூலில் நெய்தது, அச்சிட்டது. 1700-ஆம் வருஷச் சட்டத்தின் சொற்கள் அப்படியே படிக்கட்டாக நிற்கின்றன. இந்தியப் பட்டியலின் எட்டு இலக்கத்துக்குப் போனால் புடவை, வேட்டி, லுங்கி வரும். 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்று, துவைக்கத் துவைக்கச் சாயம் கசிந்து கலக்கும் கட்டம் போட்ட துணிக்குத் தனி வரி இருக்கிறது. சாயம் போகாததற்காக ஒரு காலத்தில் தடை வாங்கிய கரையிலிருந்து, சாயம் போவதற்காகவே விலை போன துணி. பட்டியலில் இந்த மாதிரி ஊர்ப்பெயர் எதிர்ப்படும்போது ஏனோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

200 கிராம் என்பதும் சரிவில் போட்ட கோடுதான். ஒருமுறை பருத்தித் துணி ஒரு கன்டெய்னர். விற்றவர் காகிதத்தில் 195 கிராம். நவம்பர் மாதம், நாலு நாளாக விடாத மழை. பேலைப் பிரித்து எடுத்த சாம்பிள் 203 காட்டியது. பருத்தி காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். அதனால்தான் 65 சதவீத ஈரப்பதமும் நம்ம ஊர் வெப்பத்துக்கு 27 டிகிரியும் உள்ள அறையில் துணியைப் பதப்படுத்திவிட்டு எடை போட வேண்டும் என்று தரநிலை இருக்கிறது. மறு பரிசோதனை கேட்டு, துணி பதப்பட்டு, 198 வந்தது. அதற்குள் பதினொரு நாள் டெமரேஜ். இறக்குமதி செய்தவர் சின்ன ஆள், ஆயத்த உடைப் பட்டறை வைத்திருந்தவர். "சார், அஞ்சு கிராம் மழைத்தண்ணிக்கு நான் வாடகை கட்டிருக்கேன்" என்றார். அவரிடம் சொல்ல எனக்குப் பதில் இருக்கவில்லை. ரசீதை வாங்கி ஃபைலில் வைத்தேன்.

கோட்டின் இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கும் பயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பின்னலாடைத் துணி மலிவாக வந்து குவிகிறது என்று திருப்பூர் போன்ற ஊர்களிலிருந்து தொடர்ந்து முறையீடு போனது. விலையைக் குறைத்துக் காட்டினால் சதவீத வரியும் குறைந்துவிடும் இல்லையா? 2025 பட்ஜெட்டில் ஒன்பது பின்னல் துணி எண்களுக்கு மட்டும் 20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், எது அதிகமோ அது என்று மாற்றினார்கள். ஒன்பது எண்கள். பத்தாவது எண்ணில் எது இருக்கிறது என்று அன்றைக்குச் சாயங்காலமே யாராவது தேடியிருப்பார்கள். எங்கள் தொழிலை அறிந்தவன் என்ற முறையில் அடித்துச் சொல்வேன்.

நூலிலும் இப்படி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இது துறைமுகச் சுங்கம் அல்ல, உள்நாட்டு வரிச் சமாச்சாரம், ஆனால் அதே வம்சம். மில்லிலிருந்து நூல் இரண்டு உருவத்தில் வெளியே வரும். கூம்பில் சுற்றினால் கோன், விசைத்தறிக்கு. சுருளாகக் கட்டினால் சிட்டா நூல், கைத்தறிக்கு. நம்பர், பஞ்சு, முறுக்கு எல்லாம் ஒன்றே. கைத்தறிக்காரனுக்கு மலிவாக நூல் கிடைக்கட்டும் என்று சிட்டா நூலுக்குக் கலால் வரி விலக்குக் கொடுத்தார்கள். மில்கள் உள்நாட்டுக்கு விற்கும் நூலில் ஒரு பங்கைச் சிட்டாவாகத்தான் கட்ட வேண்டும் என்று கட்டாயமும் வைத்தார்கள். 50 சதவீதமாக இருந்தது 2003-ல் 40 ஆனது, 2019-ல் 30. கலால் போய் ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அந்தக் கட்டாயம் நின்றது.

இதில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. விலக்கு வாங்கிய சிட்டாவைப் பிரித்துத் திரும்பக் கோனில் சுற்றுவது கஷ்டமான வேலை அல்ல. ஒரு ஷெட், சில சுற்று எந்திரங்கள், கரண்ட் இருந்தால் போதும். அப்படிச் சுற்றிய நூல் விசைத்தறியில் ஏறி, துணியாகி, கைத்தறித் துணியோடு ஒரே கடையில் அடுக்கப்படும். அதன் ஓரத்தில் நீல இழை எதுவும் இருக்காது.